நரம்புக்குள்ளே ஒரு ரீவைண்டிங்

நரம்பு இழையைச் சுற்றிய மயலின் உறை கழன்றுபோனால் மூளை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. குப்பை அள்ள ஒரு கூட்டம், தழும்பு கட்ட ஒரு கூட்டம், புது உறை சுற்ற ஒரு கூட்டம் என்று கிளியா செல்கள் இறங்கி வேலை செய்கின்றன. உறை கழல்வதைச் சோதனைக்கூடத்தில் ஆராய வழிவிட்டதில் ஒரு நாய்க்கடி ஊசிக்கும் பங்கு உண்டு. அந்த வகை ஊசி பல பத்தாண்டுகள் தயாரான இடங்களில் ஒன்று, கோயமுத்தூர்ப் பீளமேட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் வரும் குன்னூர்.

"தலைக்கு எண்ணெய் வைக்காம, நல்லா அலசிட்டு வாங்க."

பீளமேட்டில் அவிநாசி சாலையை ஒட்டிய மருத்துவமனைகளில் வி.ஈ.பி. பரிசோதனைக்குத் தேதி வாங்குகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பும் முதல் வாசகம் இதுதான். விஷுவல் எவோக்டு பொட்டன்ஷியல் என்பதன் சுருக்கம் அது. அரையிருட்டு அறையில் உட்கார வைத்து, பின்மண்டைத் தோலைத் தேய்த்துத் துடைத்து, பசை வைத்து எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிக்னல் சரியாக வராது. ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். எதிரே திரையில் செஸ் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். நொடிக்கு இரண்டு முறை, நூறு முறைக்கு மேல். "புள்ளியவே பாருங்கம்மா, தூங்கிடாதீங்க" என்று டெக்னீஷியன் நடுவில் ஒரு குரல் கொடுப்பார்.

கட்டம் மாறியது கண்ணில் பட்டு, பார்வை நரம்பு வழியாக ஓடி, பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் பகுதியில் ஓர் அலையாக எழும்ப ஆரோக்கியமான ஆளுக்குச் சுமார் 100 மில்லிசெகண்ட் ஆகும். பார்வை நரம்பில் மயலின் உறை போயிருந்தால் அது 120 ஆகும், 140 ஆகும். "கண்ணுல பொகை மூட்டமா இருக்குதுங்க, சிவப்பு வெளுத்தாப்ல தெரியுதுங்க" என்று வந்தவருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிப்பார். ஆனால் அந்த அலை மட்டும் தாமதமாகவே வரும், வருடக்கணக்கில். 1972-ல் லண்டனில் ஹாலிடே, மெக்டொனால்டு, மஷின் ஆகிய மூவரும் இதைப் பதிவு செய்தார்கள். பார்வை வந்துவிட்டது, வேகம் வரவில்லை. அப்படியானால் உள்ளே என்ன சரியானது, எது சரியாகவில்லை?

கோயமுத்தூர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள் என்று பெருமை பேசும் ஊர். பீளமேட்டுப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு ரீவைண்டிங் பட்டறை கண்ணில் படும். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், அங்கே முதலில் புதுக் காயில் கட்ட மாட்டார்கள். பழைய காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டுக்குள் கருகி ஒட்டியிருக்கும் வார்னிஷையும் லெதராய்டு பேப்பரையும் சுரண்டி எடுப்பார்கள். ஸ்லாட் சுத்தமாகும் வரை அடுத்த வேலை கிடையாது. கரி மிச்சம் இருக்கும்போதே புது பேப்பர் வைத்துக் காயில் இறக்கினால் மோட்டார் திரும்பவும் வந்துவிடும், சண்டையோடு.

நரம்பிலும் இதே வரிசைதான். மின்சாரம் ஓடும் இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். அதன்மேல் அடுக்கடுக்காகச் சுற்றிய கொழுப்பு உறைதான் மயலின். உறை உள்ள தடித்த இழையில் சிக்னல் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டி ஓடும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு இரண்டு மீட்டர் போனாலே அதிகம். உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. நடுநடுவே ரான்வியர் கணு என்ற சிறு இடைவெளிகள் உண்டு. சிக்னல் கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது, அதனால்தான் அந்த வேகம்.

ஆனால் மோட்டார் கதை இதற்கு மேல் ஓடாது. எனாமல் வயர் மேலிருக்கும் பூச்சு தாமிரத்துக்குச் சோறு போடுவதில்லை. மயலினைச் சுற்றும் செல் போடுகிறது. ஆக்ஸானுக்கு வேண்டிய எரிபொருளில் ஒரு பங்கை, லாக்டேட் என்ற பொருளாக, உறைக்குள் இருந்தே அது கொடுக்கிறது என்று 2012-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே உறை போவது சிக்னல் தடை மட்டுமல்ல, பட்டினியும்கூட. உடனே உறை வந்துவிட்டால் இழை பிழைக்கும். நாள்பட்டால் இழையே அறுந்துபோகும், அதற்கு ரீவைண்டிங் கிடையாது. உறை போகும் நோயோடு தள்ளாட்டமாக வந்தவர் கைத்தடிக்கும் பிறகு சக்கர நாற்காலிக்கும் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இழப்பால்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நாய்க்கடி என்றதும் நாய் நினைவுக்கு வராது, ஊசிதான் வரும். தொப்புளைச் சுற்றி, தினமும் ஒன்றாக, பதினாலு நாள் வரை. பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தலைமுறை அது.

1902-ல் குன்னூரில் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலிவரை போயாக வேண்டும். அந்த மரணம் கிளப்பிய பேச்சும், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் உருவானது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் ஒரு தடுப்பூசி முறையை வகுத்தார். ஆடு போன்ற விலங்கின் மூளையில் வைரஸை வளர்த்து, அந்த மூளையை அரைத்து, பினால் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்து ஊசியாக ஏற்றுவது. மலிவு, எங்கும் தயாரிக்கலாம். நாடு முழுக்க அதுதான் பரவியது. ஆட்டு மூளை ஊசி குன்னூரிலும் பல பத்தாண்டுகள் தயாரானது.

அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ரேபிஸ் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை மறந்துவிட்டு அந்த ஊசியைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் சில நூறு பேருக்கு ஒருவர் முதல் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை (இடத்துக்கு இடம் கணக்கு மாறும்) ஊசி போட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரங்களில் வேறொரு நோயோடு திரும்பி வந்தார்கள். காய்ச்சல், தலைவலி. பிறகு கால் மரத்துப்போகும், எழுந்து நிற்க முடியாது, சிறுநீர் இறங்காது. ரேபிஸ் வந்துவிட்டதோ என்று வீடே அலறும். ரேபிஸ் இல்லை. ஆட்டு மூளையில் வைரஸோடு ஆட்டின் மயலினும் இருந்தது. அதை எதிரி என்று பழகிக்கொண்ட நோய் எதிர்ப்பு செல்கள், ஏறத்தாழ அதே புரதம் கொண்ட மனிதனின் சொந்த மயலின்மேல் பாய்ந்தன. மயலின் பேசிக் புரதம்தான் முக்கியக் குற்றவாளி என்பதை 1987-ல் தாய்லாந்து நோயாளிகளிடம் ஹேமசுதாவும் சகாக்களும் உறுதிசெய்தார்கள்.

இந்த விபத்துகளுக்குக் காரணம் வைரஸா, மூளைத் திசுவா என்ற கேள்விதான் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸை உட்கார வைத்தது. 1933-ல் அவர் வைரஸே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றினார். சில குரங்குகளுக்கு மூளையில் மயலின் கரைந்தது. அன்று பிறந்த அந்தச் சோதனை முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு செல்களே மூளையின் மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்கு இன்று கொடுக்கப்படும் மருந்துகளில் கிளாட்டிராமர், நட்டாலிசுமாப் போன்றவை அந்த வழியில் வந்தவையே.

ஆட்டு மூளை ஊசி இந்தியாவில் 2004 முடிவோடு நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி. அதில் மூளைத் திசு கிடையாது, வயிற்றில் போடுவதும் கிடையாது. பழைய பயத்தை வைத்துக்கொண்டு நாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் கிராமத்தில் இன்னும் இருக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடிபடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது வேறொன்று. ஊசியால் படுத்த படுக்கையானவர்களில் கணிசமானவர்கள் சில மாதங்களில் எழுந்து நடந்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்துத் தாக்குதலை அடக்கினார்கள், சரி. கரைந்த உறையைத் திரும்பச் சுற்றியது யார்? எந்த மருத்துவரும் அதைச் செய்யவில்லை.

முதலில் வருவது துப்புரவு

மூளையில் நியூரான்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவற்றுக்கு ஏறத்தாழச் சமமான எண்ணிக்கையில் கிளியா செல்கள் இருக்கின்றன. 1850-களில் ஜெர்மானியர் விர்க்கோ, நியூரான்களுக்கு இடையே இடத்தை அடைத்துப் பிடித்து வைத்திருக்கும் வெறும் பொருள் என்றுதான் இவற்றை நினைத்தார். அவற்றுக்குள் தனித்தனி வகைகளைப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின்காரர் தெல் ரியோ ஹோர்த்தேகா. 1919-ல் மைக்ரோகிளியா, 1921-ல் ஒலிகோடென்ட்ரோசைட். வெள்ளிச் சாயம் ஏற்றும் ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அவர் அதைச் சாதித்தார்.

மைக்ரோகிளியா மூளையின் காவல் செல். சும்மா இருப்பதாகத் தெரியும்போதும் அதன் கிளைகள் நீண்டும் சுருங்கியும் சுற்றுவட்டாரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பதை 2005-ல் உயிருள்ள எலியின் மூளையில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். அடி பட்ட இடத்துக்கு நிமிடங்களில் கிளை நீட்டிவிடும். மயலின் உடைந்தால் அந்தத் துண்டுகளை விழுங்குவது இதன் முதல் வேலை. ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்களும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

ரீவைண்டிங் பட்டறையின் நியதி இங்கேயும் உண்டு. மயலின் குப்பை கிடக்கும் இடத்தில் புது உறை சுற்றும் செல்கள் முதிர்ச்சி அடைய மாட்டா. குப்பையே அவற்றைத் தடுக்கிறது என்பது எலிகளில் காட்டப்பட்டது. துப்புரவு தாமதமானால் மொத்த வேலையும் தாமதம்.

விழுங்குவதைவிடச் செரிப்பதுதான் கஷ்டம். மயலினின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு, அதில் கொலஸ்ட்ரால் பெரும் பங்கு. கொலஸ்ட்ராலை எந்தச் செல்லாலும் உடைத்துத் தீர்க்க முடியாது, வெளியே ஏற்றுமதிதான் செய்ய முடியும். இளம் எலியின் மைக்ரோகிளியா அந்த ஏற்றுமதியைச் சமாளிக்கிறது. வயதான எலியில் கொலஸ்ட்ரால் செல்லுக்குள்ளேயே படிகமாக உறைந்து, செல்லைக் குத்திக் கிழித்து, அழற்சியை மேலும் கிளப்புகிறது என்று 2018-ல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 2012-ல் நடந்த இன்னொரு சோதனை கொஞ்சம் வேதாளக் கதை போல இருக்கும். ஓர் இளம் எலியையும் ஒரு கிழ எலியையும் ரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்துத் தைத்தார்கள். இளம் எலியின் துப்புரவு செல்கள் கிழ எலியின் தண்டுவடத்துக்கு வந்து குப்பையை அள்ளின. கிழ எலியில் உறை மளமளவென்று திரும்பியது. உறை சுற்றும் திறமை முதுமையில் செத்துப்போகவில்லை, துப்புரவுதான் படுத்துவிட்டது.

வேலை முடிந்ததும் மைக்ரோகிளியா அமைதியாகிவிட வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் சில புண்களில் அது நடப்பதில்லை. புண்ணின் விளிம்பில் இரும்பை வயிற்றில் அடக்கிக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தகுந்த எம்.ஆர்.ஐ. எடுத்தால் அது புண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும். அந்த வளையம் உள்ள புண்கள் மெல்ல மெல்லப் பெரிதாகக்கூடியவை. வெளியே "அட்டாக்" எதுவும் இல்லாமலேயே நடை மட்டும் வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டு போவதற்கு இந்த அணையாத நெருப்பு ஒரு காரணம்.

தழும்பு நல்லதா, கெட்டதா

அடுத்தது அஸ்ட்ரோசைட். நட்சத்திர வடிவம். ரத்தக் குழாயைத் தன் பாதங்களால் தழுவி நின்று, நீரையும் உப்பையும் கட்டுப்படுத்தும் செல். மயலின் போன இடத்தில் இது பருத்து, கிளைகளைப் பின்னி, கெட்டியான தழும்பாகிவிடும். 1868-ல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, இறந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மூளையைத் தொட்டுப் பார்த்தபோது விரலுக்குத் தட்டுப்பட்ட கடினமான திட்டுகளில் இருந்தது இந்தத் தழும்புதான்.

வெகுகாலம் இதை வில்லனாகவே எழுதினார்கள். 2016-ல் எலிகளின் தண்டுவடக் காயத்தில் இந்தத் தழும்பு உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். இழைகள் இன்னும் நன்றாக வளரும் என்று எதிர்பார்ப்பு. வளரவில்லை, மோசமானது. மறு வருடமே, மைக்ரோகிளியா அனுப்பும் சில ரசாயனச் செய்திகளால் அஸ்ட்ரோசைட்டின் குணமே மாறி, நியூரான்களையும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளையும் கொல்லும் நிலைக்குப் போகிறது என்று ஸ்டான்ஃபோர்டிலிருந்து லிட்லோ குழு எழுதியது. இரண்டும் உண்மை. எந்த நாளில், யார் பேச்சைக் கேட்டு அது மாறுகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல செல், கெட்ட செல் என்று சினிமா பாணியில் பிரித்துச் சொல்லும் யூட்யூப் வீடியோக்களை நம்பாதீர்கள்.

உறை சுற்றப்போவது புதியவரா, பழையவரா

மூளையிலும் தண்டுவடத்திலும் உறை சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட். ஒரே செல் ஐம்பது துண்டு வரைக்கும் பல இழைகளில் சுற்றிவைத்திருக்கும். அது ஒன்று செத்தால் ஐம்பது இடத்தில் அம்மணம். அதனால் இயற்கை மாற்றாளை வைத்திருக்கிறது. வயது வந்தவரின் மூளை செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை, இன்னும் முதிராத முன்னோடி செல்கள். ஓ.பி.சி. என்பார்கள். மூளை முழுக்கப் பரவலாகக் காத்திருக்கும். உறை போன சேதி வந்ததும் பெருகி, நகர்ந்து வந்து, முதிர்ந்து சுற்ற ஆரம்பிக்கும்.

குப்ரிசோன் என்ற ரசாயனத்தைத் தீனியில் கலந்து எலிக்கு ஐந்தாறு வாரம் கொடுத்தால் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்தில் மயலின் போய்விடும். தீனியை மாற்றினால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். யாரும் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. வளர்ந்த பாலூட்டியின் மைய நரம்பு மண்டலத்தில் உறை திரும்பும் என்பதை முதன்முதலில் 1961-ல் பூனையின் தண்டுவடத்தில் பங்கே தம்பதியும் ரிஸ்ஸும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டியிருந்தார்கள். புது உறை பழையதைவிட மெல்லியது, துண்டுகள் குட்டையானவை. செஸ் பலகைப் பரிசோதனையில் பார்வை திரும்பியும் தாமதம் நீடிப்பதற்கு இது ஒரு விளக்கம். வேலை செய்யும், பழைய வேகம் இருக்காது.

மனிதரில் என்ன? 2006-ல் 51 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்ததில், ஐந்தில் ஒருவருக்கு உறை தாராளமாகத் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்கு ஓரங்களில் கொஞ்சம், அல்லது அதுவும் இல்லை. விசித்திரம் என்னவென்றால் பல பழைய புண்களில் ஓ.பி.சி. வந்து நிற்கிறது. இழைக்குப் பக்கத்திலேயே கிளை நீட்டி நிற்கிறது. சுற்றத்தான் இல்லை.

2019-ல் ஸ்வீடனிலிருந்து இன்னும் பெரிய குண்டு விழுந்தது, கிட்டத்தட்ட நிஜமாகவே. ஐம்பது, அறுபதுகளில் நாடுகள் போட்டி போட்டு அணுகுண்டு வெடித்ததில் காற்றில் கார்பன்-14 கூடி, தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிடலாம். கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஃப்ரிசேன் குழு, உறை திரும்பிய புண்களிலிருந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளின் வயதைப் பார்த்தது. புதிதாகப் பிறந்தவை இல்லை. அடிபட்டும் சாகாமல் தப்பிய பழைய செல்களே மறுபடி சுற்றியிருந்தன. எலிகளில் முன்னோடி செல்கள் செய்யும் வேலையை மனிதரில் தப்பிப் பிழைத்த கிழங்கள் செய்கின்றன! அப்படியானால் முன்னோடி செல்லைத் தட்டி எழுப்பும் மருந்து தேடுவது மட்டும் போதாது, இருக்கிற ஒலிகோடென்ட்ரோசைட்டைச் சாகவிடாமல் காப்பதும் சம அளவு முக்கியம். நோய் தெரிந்தவுடன் சிகிச்சையை ஆரம்பியுங்கள் என்று நரம்பியல் மருத்துவர்கள் நச்சரிப்பதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கை கால் நரம்புகளின் கதை இதைவிடத் தெம்பானது. அங்கே உறை சுற்றுவது ஷ்வான் செல். ஒரு செல்லுக்கு ஒரே ஒரு துண்டு. உறை போனால் இதுவே தன் பழைய அடையாளத்தைக் களைந்துவிட்டுத் துப்புரவாளராகி, குப்பையை விழுங்கி, மேக்ரோஃபேஜ்களை அழைத்து, பிறகு திரும்பவும் உறை சுற்றும். "கால்ல ஆரம்பிச்சு மேல ஏறுதுங்க" என்று வரும் குயில்லன் பாரே நோயாளிகளில் பெரும்பாலானவர்கள், வென்டிலேட்டர்வரை போனவர்கள்கூட, மாதங்களில் எழுந்துவிடுவதற்கு ஷ்வான் செல்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நட்சத்திரமே அடிபட்டால்

நிற்காத விக்கல், வாந்தி. வயிற்று டாக்டரிடம் போய், எண்டோஸ்கோப்பி எடுத்து, ஒன்றுமில்லை என்று வருவார்கள். சில வாரம் கழித்து ஒரு கண் இருண்டுவிடும், அல்லது இடுப்புக்குக் கீழே செயலிழக்கும். பெரும்பாலும் பெண்கள். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் இப்படி வரக்கூடும். மயலின் போகும் நோய் என்றே நூறு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் நிழலில் வைத்திருந்தார்கள். 2004, 2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு அதற்குக் காரணமான எதிர்ப்பொருளையும் அது தாக்கும் இடத்தையும் கண்டுபிடித்தது. தாக்கப்படுவது மயலினே இல்லை. அஸ்ட்ரோசைட்டின் பாதத்தில் இருக்கும் நீர்க் கதவு, அக்குவாபோரின்-4. நட்சத்திரம் முதலில் சாகிறது, அது தாங்கிக்கொண்டிருந்த ஒலிகோடென்ட்ரோசைட் பின்னால் சாகிறது, உறை கடைசியில் போகிறது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் குறைவு, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் இந்த நோயின் பங்கு அதிகம். மங்களூரில் லேகா பண்டிட் நடத்திய கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சுமார் 8, நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா சுமார் 2.6. இரண்டையும் பிரித்தறிவது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. முதலாவதுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்றவை இரண்டாவதைக் கிளறிவிடும். அக்குவாபோரின் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

உறை போனவர்களைப் பொறுத்தவரை சித்திரை வெயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். உறை மெலிந்த இழை, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிக்னலைத் தவறவிடும். 1890-ல் ஜெர்மன் கண் மருத்துவர் உட்டாஃப், உடற்பயிற்சி செய்தால் பார்வை மங்கும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒரு காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைக் கண்டுபிடித்தார்கள். கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டுக் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டால், புது அட்டாக் என்று அலற வேண்டாம். உடம்பு குளிர்ந்தால் திரும்பிவிடும். திரும்பாமல் ஒரு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் ஆனி ஆடியில் இவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மருந்துக் கடைக்கு ஓடுமுன்

நோய் எதிர்ப்பு செல்களை அடக்க இன்று மருந்து நிறைய உண்டு. உறையைத் திரும்பச் சுற்றவைக்கும் மருந்து என்று அங்கீகாரம் பெற்றது ஒன்றுகூட இல்லை. "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதிப்போட்ட லேகியத்துக்கும் அந்த அங்கீகாரம் கிடையாது.

நெருங்கி வந்தவை உண்டு. சளி, தும்மலுக்குக் கொடுத்துவந்த கிளமாஸ்டின் என்ற பழைய மாத்திரை, ஓ.பி.சி.யை முதிரவைப்பது 2014-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தெரிந்தது. 50 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. அளவுகோல் நம் செஸ் பலகைப் பரிசோதனையேதான். அலையின் தாமதம் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. சிறிய எண், ஆனால் பழைய புண்ணில் வேகம் கொஞ்சமாவது திரும்பும் என்பதற்குக் கிடைத்த முதல் கெட்டியான சான்று. கூடவே அசதி அதிகமானது. பிறகு இன்னொரு சோதனையில், நோய் முற்றிய நிலையிலிருந்த சிலருக்கு இதே மாத்திரையால் நிலைமை வேகமாக மோசமானதால் அந்தப் பிரிவை நிறுத்தினார்கள். கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் போட வேண்டிய சரக்கு இல்லை.

இன்னொன்று நம் வீடுகளில் டப்பா டப்பாவாக இருப்பது: மெட்ஃபார்மின். 2019-ல் கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்ளின் குழு, கிழ எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது சோம்பிப்போன ஓ.பி.சி.கள் இளமைத் துடிப்போடு வேலை செய்தன என்று எழுதியது. ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டாலும் அதே பலன். சஷ்டி விரதக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம், எலிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தன. மெட்ஃபார்மினையும் கிளமாஸ்டினையும் சேர்த்து மனிதரிடமும் சோதித்திருக்கிறார்கள்.

சர்க்கரைக்காக அதே மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் வேறொரு காரணத்துக்காக மயலினைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அந்த மாத்திரை வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவ உணவுக்காரராகவும் இருந்து, பால் தயிரும் குறைவாகச் சேர்த்தால் கையிருப்பு வேகமாகக் கரையும். பி12 இல்லாமல் மயலின் நிலைக்காது. தண்டுவடத்தின் பின்பக்கத்திலிருந்து உறை கழல ஆரம்பிக்கும். பாதம் மதமதவென்று இருக்கும், முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் தள்ளாடும், இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிப்பார்கள். சர்க்கரைக் கால் எரிச்சல் என்றே எல்லோரும் தள்ளிவிடுவார்கள். பி12 அளவைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும், குறைந்திருந்தால் ஊசி விலை மலிவு. சீக்கிரம் பிடித்துவிட்டால் உறை பெருமளவு திரும்பிவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போனவர்களுக்கு ஊசி போட்டாலும் மதமதப்பு முழுதாகப் போவதில்லை. அடுத்த தடவை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, பி12-ம் சேர்த்துப் பார்க்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.